முன்னறைச் சாவி

என் அக்கா பிளாரன்ஸ் சாவியை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். கூடப் பிறந்த என்னிடமே கொடுத்ததில்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனாலும் திருச்செந்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட எல்லா அறையையும் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்புவாள். நான் என்ன, உன் வீட்டுப் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடப்போகிறேன் என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். சிரிப்பாளே தவிர, கொடுக்கமாட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் வீட்டுக்காரர் ரோச் மச்சான் தோணித் தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், அரிசி, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணியை நடத்துகிறவர். ஆனி, ஆடியில் காற்று கிளம்பி, தோணியெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதுதான் மனுசன் வீட்டில் இருப்பார். மற்ற மாதமெல்லாம் அக்கா தனி ஆள். கரண்டுக்காரனிடம் வாயாடியது அவள், மகள் ஜெமிமாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அவள், வீட்டைக் காத்தது அவள். பொய் மட்டும் அவளுக்கு வராது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாங்காயைத் திருடித் தின்றது நாங்கள் இரண்டு பேரும்; வாயைத் துடைக்காமல் போய் மாட்டிக்கொண்டது அவள் மட்டும்.

அப்படிப்பட்டவள் ஒரு தரையைத் துடைத்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைத் தோண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்து வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் அக்கா வீட்டு முன்னறைக்குள் தண்ணீர் கேட்காமல் வரும். அதனால் அந்த முறை மச்சான் கரையில் இருந்தபோது, முன்னறையின் பழைய தரையை உடைத்து, மண் நிரப்பி, நல்ல கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்து மட்டமாகத் தளம் இழுத்தார்கள். அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் கதையே இல்லை. மச்சானுக்கு வேறு ஆசை. மாலத்தீவில் ஏதோ ஒரு தீவு விடுதிக்குச் சாமான் இறக்கப் போனவர், அங்கே பலகைத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறார். அக்காவுக்கு முட்டுவலி. காலையில் சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறி, முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு ஒரு பலகைத் தரை போட்டுக் கொடுக்க வேண்டும், அதில் அவள் நடப்பதைத் தான் பார்க்க வேண்டும் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. வாயைத் திறந்து பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுசனுக்கு, சொல்லக் கிடைத்த வழி அது.

வேலைக்கு வந்தவன் இசக்கியப்பன். ஓட்டப்பிடாரத்துக்காரன். முதலில் கொத்தனார் வேலை பார்த்து, பிறகு கேரளாவில் இந்தப் பலகைத் தரை வேலையைப் படித்துக்கொண்டு, அப்போதுதான் சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கியிருந்தான். நடுத்தர வயது, கொஞ்சம் கூச்சம், பேச்சுக்குப் பேச்சு ‘யக்கா’. அந்தப் பலகை பார்க்கத்தான் மரம், உள்ளே மரத்தூளை அமுக்கிச் செய்தது, அடியில் ஈரம் இருந்தால் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும் என்று முதல் நாளே சொன்னான். மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்குமாம். அதனால் சதுரமாக ஒரு பாலிதீன் தாளைத் தளத்தின்மேல் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டு, மறுநாள் வந்து பிரித்துப் பார்ப்பான். அடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் பலகை போடமாட்டான். யார் சொன்னாலும் போடமாட்டான்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. தோணியில் சரக்கு ஏற்றுமுன் அடித்தட்டு காய்ந்திருக்கிறதா என்று வெறுங்காலால் மிதித்துப் பார்த்துத்தான் தண்டல்மார் உத்தரவு கொடுப்பார்கள். மூட்டை நனைந்தால் அவர்கள் தலைதானே உருளும்! மச்சான் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு வந்து தளத்தில் குதிகாலை ஊன்றி, இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். தோணிப் பலகை இரண்டு பக்கமும் காற்று வாங்கும், தளத்துக்கு மேல்பக்கம் மட்டும்தானே மூக்கு என்று இசக்கியப்பன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். ஒட்டிப் பார்த்ததில் பாலிதீனுக்கு அடியில் தண்ணீர் நின்றது. மச்சான் முகம் விழுந்துவிட்டது. தன் காலை ஒரு பிளாஸ்டிக் தாள் பொய்யாக்கிவிட்டதே என்ற கோபம் அவருக்கு.

நாள் ஓடியது. வீட்டுக்கு வந்து செபம் சொல்லி மந்திரிக்கப் பங்குக் கோயில் சாமியிடம் தேதி வாங்கியாகிவிட்டது. சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அது முடிந்த கையோடு சீசன் தொடங்கி மச்சான் தோணி ஏறவேண்டும்; போனால் எப்போது கரை தட்டுவார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை ஒட்டிப் பார்ப்போம், காயவில்லை என்றால் வெறும் தளத்திலேயே மந்திரித்துவிட்டு, பலகையைத் தை மாதம் போடலாம் என்று சொல்லி, தாளை மறுபடி ஒட்டிவிட்டுப் போனான் இசக்கியப்பன். மச்சான் அன்று ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை, முதல் பூசைக்குப் போய்விட்டு வந்த அக்கா முன்னறையைத் திறந்தாள். மச்சான் துறைமுகத்துக்குப் போயிருந்தார். அவள் குனிந்து டேப்பின் ஒரு ஓரத்தை நிமிண்டி, பாலிதீனைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர். அடியில் சிமெண்டும் கறுத்துக் கிடந்தது. சேலை முந்தியால் பாலிதீனைத் துடைத்தாள், தளத்தைத் துடைத்தாள், மேசை ஃபேனைக் கொண்டுவந்து கறுப்பு போய் வெளுக்கும்வரை ஓடவிட்டாள். ஜன்னல் விளிம்பில் இசக்கியப்பன் வைத்துவிட்டுப் போன டேப்பை எடுத்து, தாளைப் பழையபடி ஒட்டிவிட்டு, குசினிக்குப் போய்க் காப்பி போட்டாள்.

இசக்கியப்பன் வந்து பிரித்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், “காஞ்சிட்டு யக்கா” என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். அதற்குள் துறைமுகத்திலிருந்து திரும்பியிருந்த மச்சான் தன் காலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டாத குறை. நானும் அங்கேதான் நின்றேன். அக்கா குசினி வாசலில் காப்பித் தட்டோடு நின்றவள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தாள். மாங்காய் தின்ற வாயைத் துடைக்கத் தெரியாதவள், இதை எப்படி அத்தனை சுத்தமாகச் செய்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பலகை போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மந்திரிப்பு அன்று சாமி தீர்த்தம் தெளித்தபோது, மூலையில் நின்ற இசக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பலகையில் விழுந்த துளிகளைப் பயபக்தியோடு ஒற்றி எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் அக்காவின் கையைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் அந்த அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடத்திக் கூட்டிப்போனார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோசம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரம் அவர் தோணி ஏறிவிட்டார்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு முதலில் வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை. அப்புறம் சுவரோரம் ஒரு பலகை தூக்கியது, பக்கத்தில் இன்னொன்று. மிதித்தால் பொதக்கென்று அமுங்கிற்று. அக்கா என் தையல் அறைக்கு வந்து, நான் பிளவுசுக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை ஏசின ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு இரு, மச்சானுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும் என்றேன். எனக்கும் இதில் பங்கு உண்டு, மறைப்பானேன்.

மச்சானுக்குப் பலகை தூக்கிய சேதி போயிற்று. மாலத்தீவிலிருந்தே போன் போட்டு இசக்கியப்பனைக் கிழி கிழியென்று கிழித்தார். அதோடு விட்டாரா? துறைமுகத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஜெஃப்ரி புது வீடு கட்டி, எல்லா அறைக்கும் பலகைத் தரை இசக்கியப்பன்தான் என்று பேசி முடித்திருந்தார். வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா?

இசக்கியப்பன் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நானும் அக்காவோடு போய் நின்றேன். அவன் நேரே போய்ப் பலகைகளைக் கழற்றினான். அடியில் தளம் நனைந்து கிடந்தது. அதை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி ஏசினதில் தப்பே இல்லை, எல்லாம் என் பிழை, பலகையை நானே வாங்கி மறுபடி போட்டுத் தருகிறேன் என்றான். அந்த நேரம் அக்கா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே போய் அவனுக்கு முறுக்கு எடுத்து வந்தாள். நெஞ்சு குறுகுறுக்கிறவள் முறுக்கால் என்ன செய்யமுடியும்? அவன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் இல்லை. பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்றாள். எங்கள் பங்குச் சாமியிடம் செய்ய வெட்கம். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம். அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனாள். சிலுவைக் கோயிலில் அன்று நல்ல கூட்டம். சாமி உள்ளே உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டவள் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. என்னக்கா ஆயிற்று என்று கேட்டேன். தரையைத் துடைச்சிட்டேன் சாமி என்றாளாம். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையிலா என்று கேட்டாராம் சாமி. இல்லை, பாலிதீனுக்கு அடியில் என்றாளாம். வயசான மனுசன், பின்னால் வரிசை நீண்டு கிடக்கிறது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பாவமில்லை மகளே, தேவையில்லாமல் மனதை அலட்டாதே என்று மாதாவை நோக்கி ஒரு அருள்நிறை மந்திரத்தைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் பஸ்ஸில் குலசேகரன்பட்டினம் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. பிறகு, கடவுளே என் பாவத்தை வாங்கிக்கிட மாட்டேங்காரு ஜெனிஸ் என்று சொல்லி அழுதாள். அப்போதுதான் என் சிரிப்பு அடங்கியது.

மழை ஓய்ந்து, தளம் நன்றாக வெயில் காற்று வாங்கட்டும் என்று அக்கா முன்னறையைத் திறந்து போட்டிருந்தாள். ஒரு நாள் காலையில் இசக்கியப்பன் வந்தான். மூக்கின்மேல் புதுக் கண்ணாடி. அக்கா அதைப் பார்த்ததும் திகைத்துப்போனாள். என்ன தம்பி கண்ணாடியெல்லாம் என்று நான்தான் கேட்டேன். கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தானாம். வயசுக்கு வருகிற சின்னக் குறைதான், மற்றபடி கண் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னாராம். அவன் அதை நம்பவில்லை. முந்தின நாள் ஒட்டிவிட்டுப் போன பாலிதீன் தளத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். பிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

“யக்கா, நீங்க பிரிச்சுப் பாருங்க. தண்ணி இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. என் கண்ணை நான் நம்ப மாட்டேன். அன்னைக்கு இதே கண்ணாலதான் பாத்தேன். டேப்புகூட கோணலா இருந்துச்சு, சரி, நாமதான் அவசரத்துல ஒட்டிருப்போம்னு விட்டுட்டேன். இனிமே பலகை வேலையே வேண்டாம்னுட்டா பகவதி. டைல்ஸ் ஒட்டப் போறேன். அதுக்கு ஈரம் பாக்க வேண்டாம்லா.”

பகவதி அவன் பெண்டாட்டி. அக்கா அவன் எதிரே உட்கார்ந்தாள். அந்த முட்டோடு அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்து வருசக்கணக்காகிறது. டேப்பைப் பிரித்துத் தாளைத் தூக்கினாள். அடியில் லேசாகத் தண்ணீர் கோத்திருந்தது. அவள் தாளைச் சாய்த்ததில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடின.

“தண்ணி இருக்கு இசக்கியப்பா. அன்னைக்கும் இருந்துச்சு. நீ வாரதுக்கு முன்னால நான்தான் தொடச்சேன். இந்த முந்தியால தொடச்சி, ஃபேனைப் போட்டுக் காயவச்சி, திருப்பி ஒட்டினேன். டேப்பைக் கோணலா ஒட்டினது நான்.”

இசக்கியப்பன் அவளையே பார்த்தான். கையில் கிடைத்ததை எடுத்து வீசுவானோ என்று எனக்குப் பயம். அவன் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றிவிட்டுத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி, அதிலிருந்த தண்ணீரை உற்று உற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் போனை எடுத்தான். தெருவே கேட்கிற மாதிரிப் பேசுகிற ஆள் இல்லை அவன். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

“ஏளா பகவதி, என் கண்ணு நல்லாத்தான் இருக்குளா” என்றான். போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் மச்சானுக்குப் போன் போட்டாள். மாலத்தீவுத் துறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவரிடம், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஜெஃப்ரியிடம் இன்றைக்கே தானே போய்ச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். அந்தப் பக்கம் சரக்கு இறக்குகிற கப்பி கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு மச்சான், எனக்காகவாளா செஞ்சே என்று கேட்டார். ஏச்சு பிறகு வந்தது, வராமல் இருக்குமா. ஆனால் இசக்கியப்பனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தம்பி, நாக்கை அடக்காமப் பேசிட்டேன் என்று ரோச் தண்டல் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் காப்பி போட எழுந்தேன். இசக்கியப்பன் வேண்டாம் என்றான். தாளை மடித்தான், தளத்தைத் துடைக்காமல் அப்படியே விட்டான், இன்னும் கொஞ்ச நாள் காயவேண்டும், பிறகு மறுபடி ஒட்டிப் பார்க்கவேண்டும் என்றான். போகிறவன் வாசற்படியில் நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க யக்கா. வேலை முடியுற மட்டும் இந்த ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. தண்டல் பெண்டாட்டியிடம் அவள் வீட்டு அறைச் சாவியைக் கேட்கிறான்! அக்கா இடுப்பிலிருந்த கொத்தை எடுத்தாள். முன்னறைச் சாவி வளையத்தில் இறுகிப்போயிருந்தது, அது ஒரு நாளும் தனியாகக் கழன்றதில்லை. நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவன் ஜன்னலைத் திறந்துவைத்தான், கதவைப் பூட்டினான், பூட்டை இழுத்துப் பார்த்தான். அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.